ஏழடி தரித்திரம், எட்டடி பாக்கியம்

சென்னைக் கடற்கரையில் ஒரு வெள்ளைக்காரர் பலகைமேல் குப்புறப் படுத்துக்கொண்டு அலையோடு கரைக்கு வந்ததை ஒரு கோடை விடுமுறையில் பார்த்தேன். யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள். என் மனைவியின் அண்ணன் அங்கே ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்க்காரர்தான். ஆனால் சென்னைக்குப் போன மறுவாரமே கடலுக்குத் தன் பேரில் பட்டா கிடைத்தது போலப் பேச ஆரம்பித்துவிட்டவர். வருஷா வருஷம் மே மாதம் தருமபுரியிலிருந்து எங்களை வரவழைத்து அதைக் காட்டுவார்.

வெள்ளைக்காரர் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு மறுபடி உள்ளே போனார். மறுபடி வந்தார். மீசை நரைத்த மனுஷர், ஆனால் முகத்தில் பள்ளிக்கூடம் விட்ட சந்தோஷம். பள்ளிக்கூட வாத்தியாரான எனக்கு அது பொறுக்கவில்லை.

"நானும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சு கொண்டாறேன், மச்சான்" என்றேன்.

அவர் சிரித்திருந்தால் விஷயம் அதோடு போயிருக்கும். சிரிக்கவில்லை. தோளில் கை வைத்தார்.

"அதெல்லாம் நமக்கில்லீங்க மாப்பிள்ளே. சிலது அவங்களுக்குன்னு இருக்குது. நாம கரையில நின்னு பாத்துட்டுப் போகணும்."

நாட்டில் பெரியவர்கள் பெரிய விஷயங்களுக்காகச் சிறைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. எனக்கு அந்தத் தைரியம் கிடையாது, வேலை போய்விடும். ஆனாலும் 'நமக்கில்லை' என்ற அந்தச் சொல்லை அப்படியே விட மனசில்லை. அடுத்த மே மாதம் இதே இடத்தில், இதே மச்சானின் காலடிவரை பலகையில் வந்து சேருவது என்று தீர்மானித்தேன். எனக்குத் தெரிந்தது கிணற்று நீச்சல்தான். குதிப்பது, ஒரு சுற்றுச் சுற்றுவது, படியைப் பிடிப்பது. கடலில் படி கிடையாது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஊருக்குத் திரும்பியதும் ஆசாரி தேடினேன். முதல் ஆசாரி வண்டிச் சக்கரம் தவிர வேறெதையும் தொடமாட்டார். இரண்டாவது ஆசாரி கடைசிவரை மரியாதையாகக் கேட்டுவிட்டு, என் தலை மறைந்ததும் சிரித்தார். தெருமுனைவரை கேட்டது. மூன்றாமவர் சந்தைக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருந்தார். கதவு, ஏர், கல்யாண மணை எல்லாம் செய்வார். வேலை சுத்தம், ஆனால் வேலை கொடுத்தவனை ஒரு பேச்சிலும் ஜெயிக்கவிட மாட்டார் என்று ஊரில் பேர்.

"தண்ணி மேலே போற பலகை ஒண்ணு வேணும், ஆசாரி."

"பரம்புங்களா? நடவுக்கு முந்தி சேத்தைச் சமமாக்கறதுக்கு?"

"அதில்லே. மேலே ஆள் இருக்கணும்."

"பரம்பு மேலயும் ஆளு நிப்பானுங்க."

"இது கடல்லே போறது."

"மாட்டை எங்கீங்க கட்டறது?"

"மாடு கிடையாது. அலை தள்ளிக்கிட்டு வரும்."

ஆசாரி உளியைக் கீழே வைத்தார். என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை, தொந்தியில் குறுக்காக ஒருமுறை பார்த்தார்.

"மெதக்கறதுக்குத்தானுங்களே? அதுக்குப் பலகை எதுக்கு வாத்தியாரய்யா, நீங்களே போதாதுங்களா?"

பல்லைக் கடித்துக்கொண்டு, கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண் உட்காருகிற மணை மாதிரி, ஆனால் நீளமாக, ஏழடிக்கு வேண்டும் என்றேன். அதுதான் நான் செய்த தவறு.

"ஏழடிக்கு மணை போடமாட்டேனுங்க."

"ஏன்?"

"மனையடி சாஸ்திரத்துல ஏழடின்னா தரித்திரம். ஆறு நன்மை, எட்டு பாக்கியம். ஏழு வெச்சா உங்க வூடும் வெளங்காது, செஞ்ச என் வூடும் வெளங்காது."

என்னுள்ளிருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார். கீழே கிடந்த மரத்தூளில் விரலால் இரண்டு எழுத்தையும் பெரிதாக எழுதினேன். "பாருங்க. வீடு கட்டற மனைக்கு ரெண்டு சுழி. உக்கார்ற மணைக்கு மூணு சுழி. சாஸ்திரம் சொன்னது ரெண்டு சுழிக்கு. நான் கேக்கிறது மூணு சுழி."

ஆசாரி குனிந்து நிதானமாகப் பார்த்தார்.

"ஒரு சுழி கூடிப்போச்சுன்னா, தரித்திரமும் ஒரு சுத்து கூடத்தானுங்க வரும்."

வருஷக்கணக்காகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த இலக்கணம் ஆசாரி தள்ளிய ஒரு கை மரத்தூளில் மூடிப்போயிற்று. ஆறடி என்னைத் தாங்காது. எட்டடிக்குச் சம்மதித்தேன்.

மரத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கனமில்லாத இலவ மரம்தான் வேண்டும் என்றேன். தீக்குச்சிக்கு ஆகிற மரத்தில் மணை செய்தால் தன் பேர் கெடும் என்றார். பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் பட்டறைக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன். ஆடி போயிற்று, ஐப்பசி போயிற்று. தையில் கல்யாண வேலைகள் குவிந்தன. வருகிறவர்களெல்லாம், "வாத்தியாருக்கு என்னாங்க செய்யறீங்க?" என்று கேட்பார்கள். "கடல்ல கண்ணாலமாம்" என்று ஆசாரி தலை நிமிராமல் சொல்வார். கடைசியில், பட்டறையில் என்னைப் பார்த்தாலே வாடிக்கை குறைகிறது என்று, வத்தல்மலை அடிவாரத்திலிருந்து இலவ மரம் தருவித்தார்.

பங்குனியில் பலகை வந்தது. வழவழப்பாக, ஒரு முனை நான் சாக்கட்டியால் போட்ட கோட்டின்படியே வட்டமாக, அழகாகத்தான் இருந்தது. திருப்பிப் பார்த்தேன். அடியில் குறுக்கே இரண்டு கட்டைகள், மணைக்கு இருப்பது போலவே, ஆணி அடித்து நின்றன.

"கால் எதுக்கு ஆசாரி? தண்ணியிலே போறது!"

"காலில்லாத பலகையில பொணத்தைத்தானுங்க கெடத்துவாங்க. அதை என் கையால செய்யச் சொல்லாதீங்க."

பலகையை வீட்டுக்குக் கொண்டுவந்து, கொல்லையில் நானே கட்டைகளைப் பெயர்த்தேன். கட்டையோடு என் கட்டைவிரல் நகமும் வந்தது. ஆணி ஓட்டைகளை அடைக்க, பரிசலுக்குப் பூசுகிற தாரை வாங்கிக் காய்ச்சி அடியெல்லாம் பூசினேன். என் மனைவி கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "அலை தள்ளுதோ இல்லியோ, இந்த நாத்தத்துக்குக் கடலே ஒதுங்கி வழி விட்டுடும்" என்றாள்.

மொரப்பூருக்குப் போகிற சின்ன ரயிலில் அதை ஏற்றும்போது கார்டு தொப்பியைக் கழற்றினார். "யாருக்குங்க?" என்று தணிந்த குரலில் கேட்டார். "எனக்குத்தான்" என்றேன். அதன்பிறகு மொரப்பூர்வரை அவர் என் பக்கமே வரவில்லை.

கடலில் இறங்கியபோது மச்சான் கரையில் கைக்கடிகாரத்தோடும் கவலையோடும் நின்றார். முதல் அலை என்னை விட்டுவிட்டுப் பலகையைக் கொண்டுபோயிற்று. அடுத்த அலை பலகையை விட்டுவிட்டு என்னைக் கொண்டுபோயிற்று. அதற்கடுத்தது இருவரையும் சேர்த்து, பலகையின் முனையை என் மோவாயில் வைத்தது. வாயில் உப்பும் ரத்தமும் தாரும் கலந்தன.

"போதுமுங்க மாப்பிள்ளே! வந்துடுங்க! தங்கச்சி பயப்படுது!"

"நான் ஒண்ணும் பயப்படல. அவரு வரமாட்டாருண்ணா. வுடுங்க" என்றாள் என் மனைவி.

இடுப்பளவு ஆழத்தில் நின்று, அலை முதுகில் அறைகிறவரை காத்திராமல், அது எழும்போதே முந்திக்கொண்டு பலகைமேல் விழுந்தேன். அடிவயிற்றுக்குக் கீழே ஏதோ ஒன்று தூக்கியது. தூக்கிக்கொண்டே ஓடியது. நான் ஒன்றுமே செய்யவில்லை. காதில் சோவென்று சத்தம், முகத்தில் நுரை, பலகையின் ஓரங்களைப் பிடித்த விரல்கள் மட்டும் என்னுடையவை. பிறகு சரக்கென்று மணல். கண்ணைத் திறந்தபோது எதிரே ஒரு ஜோடிச் செருப்பும் நனைந்த வேட்டி நுனியும் தெரிந்தன.

மச்சான் பலகையைப் பார்த்தார், என் மோவாயைப் பார்த்தார். கம்பெனி ஆள் யாராவது இருக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றித் தங்கையிடம் கொடுத்துவிட்டு, வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்ட ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளே," என்றார், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "தலை எந்தப் பக்கமுங்க வெக்கறது?"