பப்ளிமாஸ் ஆகாது

நான்காம் வகுப்பில் படித்தபோது எனக்கு இரண்டு பெயர்கள். பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஒன்று. வீட்டிலும் தெருவிலும் பப்ளிமாஸ். கன்னம் இரண்டும் அப்படி உப்பியிருந்தன. பெயர் வைத்த புண்ணியவான் அப்பா என்பதால் எனக்கு அதில் கோபமே கிடையாது.

அந்த வருடம் அப்பாவுக்கு ரத்தத்தில் கொழுப்பு என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அப்பாவுக்கு டாக்டரைவிட போனில் வரும் வீடியோமேல்தான் நம்பிக்கை. பப்ளிமாஸ் பழத்தில் வைட்டமின் சி இருக்கிறது, நார்ச்சத்து இருக்கிறது, கொழுப்பைக் கரைத்துவிடும் என்று அதில் யாரோ அடித்துச் சொல்லிவிட்டார். வேலூர் மார்க்கெட்டிலிருந்து பழம் மூட்டையாக வந்து இறங்கியது. எதற்கும் இருக்கட்டும் என்று மாத்திரையையும் விழுங்கி, பழத்தையும் தின்றார். எனக்கும் ஒரு சுளை தருவார். கசக்கும். அவருக்காக முகம் சுளிக்காமல் விழுங்குவேன். ஒன்று சொல்லிவிட வேண்டும்: எங்கள் வீட்டில் பப்ளிமாஸ் என்றால் நான்தான். என் எதிரில் பழத்தை வெறுமனே பழம் என்பார்கள்.

இரண்டு மாதத்தில் அப்பாவுக்குத் தொடை வலி கண்டது. நாள் முழுக்கத் தறி மிதிக்கிறவருக்கு வலிக்காமல் என்ன செய்யும் என்று தைலம் தேய்த்துப் பார்த்தார். கேட்கவில்லை. அம்மா டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து இருவரும் பேசியது, உள்ளறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது.

"மாத்திர சாப்புட்ற வரைக்கும் உங்களுக்கு பப்ளிமாஸ் ஆகவே ஆகாதுன்ட்டாரு. ரெண்டும் சேந்தா ஒரு மாத்திர நாலா வேல செய்யுமாம். கால் வலி அதாலதானாம்" என்றாள் அம்மா.

"மாத்திரைய வேணா வுட்டுட்றேன். பப்ளிமாஸ வுட மாட்டேன்" என்றார் அப்பா.

எனக்கு நெஞ்சு பூரித்துப் போனது.

"வெளயாடாதீங்க. கிட்னியே போயிடுமாம். வூட்ல ஒன்னு கீது இல்ல, அத நாளைக்கி உங்க தங்கச்சி வூட்டுக்குக் குட்த்துடலாம்."

கடைசியில் அப்பா இறங்கி வந்தார். "சரி, குட்த்துடு. அவளும் ரொம்ப நாளா கேட்டுகினுதான் கீறா."

பக்கத்துத் தெருவில் இருந்த அத்தைக்குப் பிள்ளை கிடையாது. தினமும் அப்பாவின் மடியில் ஏறி உட்காருகிறவளும் நான்தான். கால் வலிக்கு வேறு காரணம் தேட வேண்டுமா என்ன? போர்வைக்குள் அழுதேன். ஆனால் அப்பா சாகக்கூடாது. அவர்களாகக் கொடுத்தனுப்பினால் கேவலம், நாமே போய்விடுவோம் என்று முடிவு செய்தேன்.

காலையில் புத்தகப் பையில் இரண்டு கவுனைத் திணித்துக்கொண்டு போய் நின்றேன். அத்தை பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்கு நான் ஆகாதாம் அத்த. உங்களுக்குக் குட்த்துட்டாங்க."

அத்தை வாயைத் திறப்பதற்குள் அம்மா மஞ்சப்பையோடு வாசலில் வந்து நின்று, "பப்ளிமாஸ் கொண்டாந்தேன்" என்றாள்.

"ஒன்னு ஏற்கெனவே வந்துட்ச்சி அண்ணி" என்றாள் அத்தை.

பத்து மணிக்குள் விஷயம் தெருவெல்லாம் பரவிவிட்டது. தெருவில் நீட்டிக் கட்டிய பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா விடமாட்டேன் என்று சொன்னது பழத்தையா? ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

நேரே அப்பாவிடம் போய், "அப்ப என்ன வுட்டுடுவியாப்பா?" என்று கேட்டேன்.

ஊரே சிரித்ததற்கு அவர் மட்டும் சிரிக்கவில்லை. தறியிலிருந்து இறங்கிப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு அந்தப் பழம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. தினமும் சாப்பிட்டு முடித்ததும் அப்பா என்னைக் கூப்பிடுவார். தண்ணீர்ச் சொம்பை நான்தான் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மாத்திரையை விழுங்கிவிட்டு, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் விளையாட விடுவார். தெரு சிரிக்கும்படி செய்ததற்கு அப்பா எனக்குக் கொடுத்த தண்டனை அது என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.