ஈரத் துணிக்குக் கையெழுத்து இல்லை

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். எழுத்துப் பிழையும் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதே கையெழுத்துக்கு ஒரு ஆராய்ச்சியில் வேலை இருந்தது. அதனால் வெட்கப்படாமல் எழுதுகிறேன்.

கோவையில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆட்டோகிளேவ் ஆபரேட்டராக இருக்கிறேன். ஆபரேஷனுக்கு வேண்டிய துணி, கத்தரி எல்லாவற்றையும் நீராவியில் வைத்துக் கிருமி நீக்குவது என் வேலை. வேக வைப்பதோடு முடியாது. அரை மணி நேரம் உள்ளேயே காய வேண்டும். ஈரத்தோடு வெளியே எடுத்தால் அந்த ஈரத்தின் வழியாகவே கிருமி திரும்ப ஏறிவிடும். பொட்டலத்தில் ஒட்டும் டேப், சூடு பட்டதும் கறுத்துவிடும். காய்ந்ததா இல்லையா என்று அது சொல்லாது.

எங்கள் பக்கம் ஜோசியரிடம் நேரம் குறித்துக்கொண்டு சிசேரியனுக்கு வருவார்கள். நல்ல நாளில் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் வரிசையாக ஆபரேஷன். கிருமி நீக்கிய துணி, கத்தரி செட் போதாது. மேனேஜர் போன் செய்வார்.

"ஏனுங்க பழனிச்சாமி, டேப்பு கறுத்துருச்சுங்களா?"

"கறுத்துருச்சுங்க. இன்னும் காயலைங்க."

"அதெல்லாம் தியேட்டர்ல காஞ்சுக்குமுங்க. அனுப்பி உடுங்க. பத்தரை தாண்டுனா பார்ட்டி சண்டைக்கு வந்துருவாங்க."

நான் எதிர்த்துப் பேசத் தெரியாதவன். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன். ரெஜிஸ்டரில் அந்த லோடுக்கு நேராக 'ஈரம்' என்று மட்டும் எழுதி வைப்பேன். யாரும் படித்ததில்லை.

போன வருடம் ஒரு டாக்டரம்மா, சிசேரியன் புண்ணில் ஏன் சீழ் பிடிக்கிறது என்று ஆராய்ச்சி செய்ய வந்தார். தாய்க்குச் சர்க்கரை உண்டா, எப்போது குளித்தாள், வீட்டில் கழிப்பறை இருக்கிறதா என்று அவருடைய படிவத்தில் ஏகப்பட்ட கேள்விகள். துணியைப் பற்றி ஒன்றும் இல்லை.

ஒரு நாள் வார்டுக்கு டிரெஸ்ஸிங் செட் கொண்டுபோனேன். சோமனூரில் தறி ஓட்டும் பெண் ஒருத்தி, தையல் பிரிந்து திரும்பி வந்திருந்தாள். மேனேஜர் அவள் காதுபடவே டாக்டரம்மாவிடம் சொன்னார். "தறிக்குடோன் பஞ்சுல கெடக்கறவங்க டாக்டர். சுத்தம் பத்தாதுங்க."

"புண்ணுல கைகூட வெக்கலைங்க," என்றாள் அவள். "சொன்ன மாதிரியேதான் இருந்தேன். நா என்ன தப்புப் பண்ணிப்போட்டேன்?"

கீழே வந்து ரெஜிஸ்டரில் அவள் ஆபரேஷன் தேதியைப் பார்த்தேன். ஈரம். என் கையெழுத்து.

ரெஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன். மேனேஜர் வழியில் நின்றார்.

"அதைக் கீழ வைங்க. வேலை வேணுமா, வேண்டாமா?"

"வேணுமுங்க. அதுக்காக அந்தப் புள்ளை மேல பழியப் போட முடியாதுங்க."

டாக்டரம்மா தன் பட்டியலோடு ஒப்பிட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். சீழ் பிடித்தவர்களில் பலர் 'ஈரம்' நாளில் ஆபரேஷன் ஆனவர்கள்.

"இத ஏங்க எனக்கு யாருமே சொல்லல?"

"என்னைய யாருங்க கேட்டாங்க?"

இது மட்டும் போதாது என்று, தியேட்டரில் இருந்த ஒரு ஈரப் பொட்டலத்தை எடுத்து லேபுக்கு அனுப்பினார். கிருமி வளர்ந்தது. அவரே அந்தப் பெண்ணின் கட்டிலுக்குப் போய், "தப்பு உங்க மேல இல்லம்மா, எங்க துணியில," என்றார். நானும் பின்னால் நின்றேன்.

"அனுப்புனது நாந்தானுங்க அம்மணி."

"அடுத்தவளுக்காச்சும் காய வெச்சு அனுப்புங்க," என்றாள் அவள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

அடுத்த நல்ல நாள் வந்தது. போன் அடித்தது. காயவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். மேனேஜரே இறங்கி வந்தார்.

"நேரம் போகுதுங்க."

"போகட்டுங்க. அவசரம்னா நீங்களே கையெழுத்துப் போட்டு எடுத்துக்கங்க. பேனா அங்கதான் இருக்குதுங்க."

கையெழுத்து இல்லாத செட்டைத் தியேட்டர் சிஸ்டர் வாங்கமாட்டார். மேனேஜர் பேனாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், படியேறிப் போய்விட்டார். குழந்தை பத்து ஐம்பதுக்குப் பிறந்தது. நல்ல நேரம் தப்பிவிட்டது என்று அதன் தாத்தா என் அறை வாசலில் வந்து கத்தினார். திட்டை வாங்கிக்கொண்டேன். அந்தத் தாய்க்குப் புண் சுத்தமாக ஆறியது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். தப்பு என்று எழுதி வைத்துவிட்டு அனுப்பினால், அனுப்பியதுதான் கணக்கு. காயாததற்குக் கையெழுத்துப் போடாமல் கையை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதி முடித்தது புரட்டாசி பதினேழு, செவ்வாய்க்கிழமை, மாலை மூன்றரை மணி, ராகு காலம்.