உப்புப் பார்க்காத கூழ்

சாமிக்குச் சமைப்பதை உப்புப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். நாவில் பட்டால் எச்சில். எச்சிலைப் படைக்க முடியாது. கைக்கணக்கில் உப்பைப் போட்டுவிட்டு, படைத்த பிறகுதான் தெரிந்துகொள்வோம். முதல் வாய் என் கணவருக்கு. "சரியா இருக்கு" என்பதே அவருடைய உச்சபட்சப் பாராட்டு. கூடினாலும் குறைந்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டார். முகத்தைச் சுளிப்பார், அவ்வளவுதான்.

பர்மியத் தலைநகரம் எங்கள் ஊரைவிட்டு வேறிடம் போன மறுவருடம், பங்குனியில், அவருக்கு வாதம் வந்தது. வலது பக்கமும் பேச்சும் போயின. தொண்டையும் பழுதாகிவிட்டது. நீர்த்து ஓடுவது எதையும் கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நிமிர்த்தி உட்காரவைத்துக் கெட்டியான கஞ்சியைச் சின்னக் கரண்டியால் கொடுங்கள் என்றார் டாக்டர். உடம்பு இன்னும் இளைத்தால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டிவரும் என்றும் சொன்னார். வீடு வந்து சேரும்வரை அந்தக் கடைசிப் பேச்சுதான் காதில் இருந்தது. அவர் வாயால் சாப்பிட வேண்டும். அந்த வருடம் எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

ஆனால் அவர் வாயைத் திறப்பதே அரிதாக இருந்தது. இரண்டு மூன்று கரண்டி உள்ளே போனால் அது நல்ல நாள்.

பர்மியர்கள் தண்ணீர் வீசிக் கொண்டாடும் திஞ்சான் முடிகிற சமயத்தில்தான் எங்களுக்கும் வருடம் பிறக்கும். பசுந்தாங் பேட்டையில் நாங்கள் இருந்த கட்டடத்தின் படிக்கட்டெல்லாம் ஈரம். கீழ்வீட்டுப் பர்மியப் பெண்மணியை நாங்கள் 'அமா' என்போம். அவர்கள் மொழியில் அக்கா. அவர் வெல்லம் பொதிந்த அரிசி உருண்டைகள் கொண்டுவந்தார். நான் மாங்காய், வெல்லம், வேப்பம்பூ சேர்த்துப் பச்சடி செய்து, நன்றாக மசித்து, கணவர் உதட்டில் வைத்தேன். பல் திறக்கவில்லை. பச்சடி மோவாயில் வழிந்தது. துடைத்துவிட்டு வந்து என் பங்கைச் சாப்பிட்டேன். வருடப்பிறப்பன்று அதைச் சாப்பிடாமல் இருக்கக் கூடாது.

மாம்பழக் காலம் போய் மழை வந்தது. கரண்ட் முறைவைத்து வரும். வரும்போது அரைத்துவைத்து, இல்லாதபோது கரியடுப்பில் காய்ச்சுவேன். ஈரக் கரி புகைந்து அறை முழுக்கக் கண் எரியும். பாசிப்பருப்பு, நொய், பரங்கிக்காய் என்று மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆடி வெள்ளிக்கு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். அவரை விட்டுவிட்டுப் போக முடியாததால் வீட்டிலேயே காய்ச்சினேன். டாக்டர் சொன்ன பதமும் அம்மன் கூழின் பதமும் ஒன்றுதான் என்பது அப்போதுதான் உறைத்தது. உப்பைப் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தபோது அவர் கட்டிலில் ஒரு பக்கமாகச் சரிவது தெரிந்தது. ஓடிப்போய்த் தூக்கி உட்காரவைத்தேன். நான் திரும்பி வரும்வரை மகள் கிளறினாள். முருங்கைக்கீரை, சின்ன வெங்காயத்தோடு படைத்து, சூடம் காட்டி, ஒரு கரண்டி கூழை ஆறவைத்து அவர் உதட்டருகே கொண்டுபோனேன்.

வாய் திறந்தது.

உள்ளே போனதும் முகம் கோணியது. புரையேறிவிட்டதென்று பதறி முதுகைத் தடவினேன். புரையேறவில்லை. தொண்டை மெதுவாக ஏறி இறங்கியது. முழுங்கிவிட்டு, முகச் சுளிப்பு மாறாமல் என்னையே பார்த்தார்.

மகள் ஒரு வாய் எடுத்துப் பார்த்தாள். "அம்மா, உப்பு! நீங்களும் போட்டீங்களா?"

"போடாம இருப்பேனா?"

"மறந்துட்டீங்கன்னு நெனச்சு நானும் போட்டேன். நாக்குல வச்சுப் பாக்கக் கூடாதுங்கிறீங்க. அப்பாவைப் புடிச்சிட்டிருக்கும்போது உங்களையும் கேக்க முடியல. நான் என்ன செய்யட்டும்?"

பிரசாதம் வாங்க வந்த அமா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர்ச் சொம்பைத் தேடினார். "இதுக்கு எங்க ஙாப்பியே தேவலை. உங்க அம்மன் ராத்திரி பூரா தண்ணி கேக்கப் போறாங்க" என்று பர்மியத்தில் சொல்லிச் சிரித்தார். மீனை உப்பில் ஊறவைத்து இடிக்கிற ஙாப்பியைவிட இது மோசம் என்கிறார்! நானும் சிரித்தேன். என் கணவருக்கு ருசி தெரிகிறது. என் சமையலில் இன்னும் குறை கண்டுபிடிக்கிறார். உப்பில்லாத கஞ்சியைக் கலந்து கொடுத்தேன். அரைக் கிண்ணம் சாப்பிட்டார். அன்று மாலை விளக்கேற்றியபோது அம்மனிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை. சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

மறுநாள் அதே கூழ், அதே கரண்டி. வாய் திறக்கவில்லை.

அடுத்த வெள்ளி, உப்பைக் கூடுதலாகப் போட்டால் என்ன என்று தோன்றியது. ஆனால் சாமிக்குப் படைப்பதில் தெரிந்தே தவறு செய்யக் கை வரவில்லை. சரியாகத்தான் போட்டேன். அவர் திறக்கவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை.

ஆவணியில் குழாய் போட்டார்கள். கஞ்சியைத் துணியில் வடிகட்டி, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் ஊற்றிப் பிடிக்க ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தார்கள். நாக்கைத் தொடாமல் அது வயிற்றுக்குப் போய்விடும். வீட்டுக்கு வந்த அன்று அடுப்பின் முன்னால் உட்கார்ந்தேன். என்ன சமைப்பதென்று தெரியவில்லை. எதைச் சமைத்தாலும் அவருக்கு ஒன்றுதான். மகள்தான் எழுந்து அரிசியைக் களைந்து வைத்தாள்.

மழை குறைந்து புரட்டாசி வந்தது. முதல் சனிக்கிழமை பெருமாளுக்குப் படைத்த பருப்பையே அவருக்கும் குழைத்தேன். உப்பும் மஞ்சளும் அளவாகப் போட்டு, சீரகத்தை வறுத்துப் பொடித்துச் சேர்த்தேன்.

"அப்பாவுக்குத்தான் ருசி தெரியாதே. எதுக்கும்மா சீரகமெல்லாம் வறுக்கிறீங்க?" என்றாள் மகள். அவள் குரலில் கேலி இல்லை.

"பெருமாள் மட்டும் தின்னு பாத்துட்டா சொல்றாரு?"

அவள் வடிகட்டும் துணியை எடுத்து வந்தாள்.

ஒரு கையால் சிரிஞ்சை உயர்த்திப் பிடித்து, மறு கையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். சில நாள் பாதியிலேயே நின்றுவிடும். கை கடுக்கக் காத்திருக்க வேண்டும், அல்லது எடுத்துவிட்டுத் திரும்ப வடிகட்ட வேண்டும். அன்று நிற்காமல் இறங்கியது. கும்பிட வேண்டும்போல இருந்தது. இரண்டு கையும் ஒழியவில்லை. தலையை மட்டும் குனிந்துகொண்டேன்.