பின் ஜன்னலோரத் தலையணை உறை

டீசல் புகைக்கென்று ஒரு சுவை உண்டு, நண்பர்களே. மூக்கில் ஏறும் முன்பே நாக்கில் வந்து அமர்ந்துவிடும்... தச்சநல்லூரில் ஒரு வாகனப் புகைப் பரிசோதனை நிலையத்தில் பணியாற்றிய நாட்களில், என் காலைக் காப்பியே அந்தச் சுவையோடுதான் உள்ளே இறங்கும்.

பத்தாம் வகுப்போடு என் பள்ளிப் படிப்பு நின்றது. ஆனால் புகையை அளக்கும் கருவியோடு வந்த ஆங்கிலக் கையேட்டை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நானே படித்து முடித்தேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

அப்படிப்பட்ட ஒரு காலையில் செல்லையா அண்ணாச்சியின் வேன் வந்தது.

பாளையங்கோட்டைக்காரர். ஓய்வுபெற்ற குமாஸ்தா. பழைய டீசல் வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டிலும் கேஸ் அடுப்பும் பொருத்தி, கூரையில் தண்ணீர்த் தொட்டி ஏற்றி, அதையே ஒரு வீடாக்கியிருந்தார். 'கேம்பர் வேன்' என்ற சொல்லை அப்போது நாங்கள் எவரும் கேள்விப்பட்டதில்லை. அவரும் மனைவி ரஞ்சிதம் அக்காவும் பாபநாசத்திலிருந்து கொற்கை வரை ஆற்றை ஒட்டியே அதில் போய் வருவார்கள். மறுநாள் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் பயணம். அதற்குள் புகைச் சான்றிதழ் வேண்டும்.

கருவியின் குழலைப் புகைக்குழாயில் செருகிவிட்டு, ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னேன். கொட்டகையே இருண்டது. மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் எல்லையைத் தாண்டி எங்கோ போய் நின்றது.

"தேறவில்லை அண்ணாச்சி. சான்றிதழ் வழங்குவதற்கில்லை."

"என்ன பிள்ள, மேடைல பேசுத மாதிரி பேசுத? வயசான வண்டி, சுருட்டு குடிக்குது. நான் என்ன செய்ய? மெஷினு சரியில்லையா, ஒனக்குப் பாக்கத் தெரியலையா?"

என் முதலாளி நாற்காலியைவிட்டு எழவே இல்லை. "பிள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும் அண்ணாச்சி" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் இன்றளவும் கடமைப்பட்டவள்.

அப்போது வேனுக்குள்ளிருந்து இருமல் கேட்டது... நெஞ்சைப் பிறாண்டும் வறட்டு இருமல்.

படியில் ஏறி எட்டிப் பார்த்தேன். பின்பக்கக் கட்டிலில் ரஞ்சிதம் அக்கா.

"சளியா அக்கா?"

"ஆறு மாசமா விட மாட்டேங்கு. ஆத்துக் காத்து ஒத்துக்கலன்னு இவிய சொல்லுதாவ. ஆனா வீட்ல கெடந்தா ஒண்ணும் இல்ல பிள்ள. வண்டில ஏறுனாத்தான்..."

அவர் தலைமாட்டில் பின் ஜன்னல் திறந்திருந்தது. அதன் கீழே தலையணை. உறை வெள்ளையா சாம்பலா என்று சொல்ல முடியாத ஒரு நிறம்.

"அதப் பாக்காத. எம்புட்டுத் துவைச்சாலும் வெளுக்க மாட்டேங்கு."

இறங்கி வேனின் பின்னால் போய் நின்றேன். புகைக்குழாய் சரியாக அந்த ஜன்னலுக்குக் கீழே, பாதியில் ஒடிந்து கிடந்தது. வண்டி முன்னே ஓட ஓட, பின்னால் சுழலும் காற்று புகையை அள்ளி உள்ளேயே கொட்டியிருக்கிறது.

உறையைக் கழற்றித் தரச் சொன்னேன். விரலால் துடைத்தேன். இன்னொரு விரலால், சுடச் சுட, குழாயின் வாயைத் துடைத்தேன். இரண்டு விரல்களையும் அண்ணாச்சியின் முன் நீட்டினேன். அன்று என் அழகுத் தமிழ் எதுவும் வாயில் வரவில்லை.

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எட்டி என்ஜினை நிறுத்தினார்.

"ஏளா ரஞ்சிதம்... இத்தன நாளும் நீ என் வண்டிப் புகையவா தின்ன?"

"ஒங்க சமையலவிட பரவால்ல" என்றார் அக்கா, இருமலுக்கு நடுவே.

கோயம்புத்தூர்ப் பயணம் தள்ளிப்போனது. மெக்கானிக் இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்து, காற்று வடிகட்டியை மாற்றி, புகைக்குழாயைப் பக்கவாட்டில் நீட்டிவிட்டார். மறுபடி அளந்தபோது மயிரிழையில் தேறியது. நான் கையெழுத்திட்ட சான்றிதழை அண்ணாச்சி வாங்கிக்கொண்டார். அக்கா ஒரு காகிதப் பொட்டலத்தை என் கையில் திணித்தார். துவைத்து மடித்த அதே உறை... ஒரு மூலையில் மட்டும் சாம்பல் நிறம் போகவே இல்லை.

"நீயே வச்சிக்கிடு. இது ஒன் சர்டிபிகேட்டு."

போன மாதம் தோழியரோடு ஒரு புதிய கேம்பர் வேனில் குற்றாலம் போய் வந்தேன். என்ஜின் ஓடுகிறதா என்றே ஐயம் வரும் அமைதி. கரித்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி குழாயிலேயே இருக்கிறது. வெள்ளைத் துணியில் படியாத வாயுக்களும் புகையில் உண்டு என்பதை நான் அறிவேன். அவற்றுக்குத் துணி சாட்சி சொல்லாது. ஆயினும் அந்த ஆறு மாத இருமல் இனி எவருக்கும் வர வேண்டியதில்லை என்பதே எனக்குப் பெரும் நிறைவு. அக்கா இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். போனில் மூச்சுவிடாமல் பேசுகிறார்... ஆம், மூச்சு வாங்காமல்!

திரும்பும் வழியில் பின் ஜன்னலை வேண்டுமென்றே திறந்து, கையோடு கொண்டுபோயிருந்த அந்த உறையைத் தலையணைக்குப் போட்டுப் படுத்துக்கொண்டேன். தோழியர் சிரித்தார்கள்.

பாளையங்கோட்டை வந்ததும் எடுத்துப் பார்த்தேன். புதிய கறை ஒன்றும் இல்லை. பழைய மூலை மட்டும் அப்படியே...

என் வேலைக்கு வேறு யாரும் எனக்குச் சான்றிதழ் தந்ததில்லை. மடித்துப் பத்திரமாக வைத்துவிட்டேன்.