பரீட்சை நாள் காய்ச்சல்

இந்த நாட்டில் என் பிழைப்பு, அடுத்தவருக்காக 'நான்' என்று சொல்வது. காலையில் மகப்பேறு மருத்துவமனையில் நான் ஏழு மாதக் கர்ப்பிணி. மதியம் நீதிமன்றத்தில், உரிமம் இல்லாமல் கார் ஓட்டிப் பிடிபட்டவன். 'அவர் இப்படிச் சொல்கிறார்' என்று பேசக்கூடாது என்பது மெல்போர்னில் தமிழ் இன்டர்பிரட்டர் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குச் சொல்லித்தந்த முதல் விதி. அறைக்குள் பேசப்பட்ட எதையும் விட்டுவிடக்கூடாது என்பது அடுத்தது. நமக்கென்று ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால், அதாவது சரியாகக் கேட்கவில்லை, திருப்பிச் சொல்லுங்கள் என்பது போல, 'இப்போது இன்டர்பிரட்டர் பேசுகிறார்' என்று அறிவித்துவிட்டுத்தான் பேச வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம், போடியில், ஆஸ்பத்திரிக்கு ஒருவரைக் கூட்டிப்போனால், கூடப் போன மாமாவும் சித்தியும்தான் டாக்டரிடம் பேசுவார்கள். வயிற்றுவலிக்காரர் வாயே திறக்க மாட்டார். இங்கே ஒவ்வொருவரும் தன் வலியைத் தானே சொல்லியாக வேண்டும். மொழி தெரியாதவர்களின் வலி என் வாய் வழியாக வரும்.

போன மார்ச்சில் நகரத்தின் மேற்குப் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்றுக்கு வாசிப்பு வரவில்லை. நாடு முழுக்க மொழிக்கும் கணக்குக்கும் ஒரே மாதிரி வைக்கிற தேர்வு நெருங்குகிறது. அப்பா வேலையாக வேறு மாநிலத்தில். அம்மா பிள்ளை பெற்று மூன்று வாரம். பேறுகாலத்துக்கு உதவியாக ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பேச வருவார். ஆங்கிலம் தெரிந்தவர்தான், இவர்கள் பேசுகிற வேகம்தான் அவருக்குப் பிடிபடவில்லை என்றார்கள்.

கதவைத் திறந்து உள்ளே வந்தவர் வெள்ளைச் சட்டைக்கு மேல் மகனுடைய தொளதொளத்த ஜாக்கெட்டைப் போட்டிருந்தார். முகத்தைப் பார்த்து அல்ல, உட்காரும் முன் அவர் தொண்டையைச் செருமிய விதத்தில் அடையாளம் கண்டேன். அந்தச் செருமலைக் கேட்டால் எங்கள் வகுப்பே வாயடைத்துப் போகும். என் ஹெட்மாஸ்டர். அவருக்கு என்னைத் தெரியவில்லை. எதிரில் இருப்பவரை முன்பே தெரியுமானால், அதைச் சொல்லிவிட்டு வெளியேற வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

எங்களுக்கு ஊர் போடிக்குப் பக்கத்தில் சிலமலை. அப்பா இல்லை. அம்மா விடியுமுன் ஜீப்பில் தொற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறி, எல்லைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு இருட்டியபிறகு இறங்குவாள். அக்கா பாண்டியம்மா என்னைவிட ஒரு வயது மூத்தவள். தாமதமாகச் சேர்த்ததால் இருவரும் போடியில் ஒரே பள்ளியில், ஒரே வகுப்பில் படித்தோம். அக்காவுக்கு எழுத்து கூடவில்லை. 'க'வையும் 'ச'வையும் மாற்றிப் படிப்பாள். ஆனால் அவள் கெட்டிக்காரி. பஸ்சில் மீதிச் சில்லறையைக் கண்டக்டருக்கு முன்னால் சொல்லிவிடுவாள். அந்த வருடம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிக்க வருகிறதா, கழித்தல் தெரிகிறதா என்று வெளியிலிருந்து அதிகாரிகள் வந்து சோதிப்பார்கள் என்றார்கள். அதற்கு முந்தின நாள் ஹெட்மாஸ்டர் வகுப்புக்கு வந்தார். ஆளுக்கு ஒரு வரி வாசிக்கச் சொன்னார். தடுமாறியவர்களை எழுப்பிச் சுவரோரம் நிற்க வைத்தார். அவர்கள் அநேகமாக மலைக்கு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். நாளைக்கு நீங்கள் யாரும் வர வேண்டாம், அம்மாவோடு ஜீப்பில் போங்கள் என்றார். இதை அவர் அதட்டிக்கூடச் சொல்லவில்லை. லீவு விடுகிற மாதிரி, சிரித்துக்கொண்டே சொன்னார்.

மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள். நான் ஒரு பத்தியைத் தடங்கலில்லாமல் வாசித்தேன். எல்லாப் பிள்ளைகளும் வந்திருக்கிறார்களா என்று அந்த அதிகாரிகளில் ஓர் அம்மா கேட்டார். நாலைந்து பேருக்குக் காய்ச்சல், மற்றபடி எல்லாரும் வந்தாயிற்று என்றார் ஹெட்மாஸ்டர். அந்த நேரத்தில் என் அக்கா மலையில் செடிக்கடியில் குந்தியிருந்தாள். ஏலக்காய் தரையோடு காய்க்கும். சின்னக் கைகளுக்குத் தோது. கங்காணிக்கு அவள் கை வேகம் பிடித்துப்போய்விட்டது. நாளைக்கும் கூட்டிவா என்றான். அடுத்த வாரமும் போனாள். அதன்பிறகு பள்ளிக்கூடம் வரவேயில்லை. பள்ளியிலிருந்து தேடி ஒருவரும் வீட்டுப் பக்கம் வரவில்லை. எப்படி வருவார்கள்? அந்தத் தேர்வின் கணக்குப்படி எங்கள் பள்ளியில் வாசிக்கத் தெரியாத பிள்ளையே கிடையாது. எழுத்து கூடாத பிள்ளை யார் என்று கண்டுபிடிக்கத்தானே அந்தத் தேர்வு? அக்காவை அது கண்டுபிடித்திருக்கும். அதற்குள் ஹெட்மாஸ்டர் அவளை ஒளித்துவைத்துவிட்டார். பள்ளிக்குப் பாராட்டுக் கிடைத்தது. அவருக்கு மாலை போட்டார்கள். நான் கல்லூரிக்குப் போகிற காலத்தில் மெயின் ரோட்டில் அவர் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் ஒரு கல்லை எடுத்து அந்தச் சன்னலில் எறிய வேண்டும்போலக் கை துறுதுறுக்கும். எறிந்ததில்லை. அந்தக் கல் கையிலேயே இருப்பதுபோலத்தான் இந்த நாட்டுக்கும் வந்தேன்.

பள்ளியின் பிரின்ஸிபல் ஹெலன் மென்மையாகப் பேசுகிறவர். குழந்தை நல்ல சுட்டி, ஆனால் எழுத்துகள் அவளுக்குக் குழம்புகின்றன என்றார். பெற்றோர் விரும்பாவிட்டால் தேர்விலிருந்து விலக்கிக்கொள்ளலாம், ஆனால் எழுதினால் எங்கே சிக்கல் என்று தெரியும், தனியாக ஆள் போட்டுச் சொல்லித்தர வழி பிறக்கும் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். ஹெட்மாஸ்டர் தலையை ஆட்டினார். பிறகு என் பக்கம் சாய்ந்து, சொந்தக்காரப் பெண்ணிடம் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு சொல்றேம்மா, இது நமக்குள்ள இருக்கட்டும், அவங்ககிட்டச் சொல்ல வேணாம். பரீட்சை அன்னிக்குக் காய்ச்சல்னு சொல்லிப் பிள்ளைய வீட்டுல வச்சுக்கிர்றோம். அவங்க ஸ்கூலுக்கும் நல்லதுதானே, சராசரி கொறையாதுல்ல?"

எதையும் விடக்கூடாது என்பது விதி. வாழ்க்கையில் ஒரு விதியை அவ்வளவு ஆசையோடு நான் கடைப்பிடித்ததில்லை. 'அவங்ககிட்டச் சொல்ல வேணாம்' என்பதிலிருந்து தொடங்கி, ஒரு சொல் விடாமல், 'நான்' போட்டு ஆங்கிலத்தில் சொன்னேன். ஹெலனுக்கு முதலில் புரியவில்லை. குழந்தைக்கு உடம்பு சரியில்லையா, வகுப்பிலிருந்து கூட்டிவரவா என்று பதறி எழுந்தார். காய்ச்சல் இப்போது இல்லை, பரீட்சை அன்றுதான் வரும் என்று அவருக்கு விளங்கச் சற்று நேரமானது. உட்கார்ந்து, எங்கள் பள்ளியின் சராசரியைப் பற்றி நீங்கள் ஏன் கவலைப்படுகிறீர்கள் என்று கேட்டார். அதில் கேலி இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. ஹெட்மாஸ்டரின் முகம் கறுத்தது. என்னை ஒரு முறை முறைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நானும் ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டயர்ட் ஆனவன்தான்னு சொல்லுங்க. எங்க ஸ்கூல்ல வாசிக்கத் தெரியாத பிள்ளைன்னு ஒண்ணு கூட இருந்ததில்ல."

அதையும் நான்தான் சொல்ல வேண்டும். என் பள்ளியில் வாசிக்கத் தெரியாத குழந்தை ஒன்றுகூட இருந்ததில்லை என்று, என் வாயால். சொன்னேன். அடுத்த மூச்சில், "இப்போது இன்டர்பிரட்டர் பேசுகிறார்" என்றேன். ஹெலன், சரியாகக் கேட்கவில்லை போலும் என்று நினைத்துத் தலையசைத்தார். இவர் சொன்னது பொய் என்றேன். என் அக்கா அந்தப் பள்ளியில் படித்தவள், தேர்வு நாளில் அவளைக் காய்ச்சல் என்று சொல்லித் தோட்டத்து வேலைக்கு அனுப்பியவர் இவர், அவளுக்கு இன்றுவரை வாசிக்கத் தெரியாது என்றேன். பிறகு அவர் பக்கம் திரும்பி அதையே தமிழில் சொன்னேன். சிலமலை, பாண்டியம்மா என்று ஊரையும் பேரையும் சொன்னேன்.

இந்த நிமிடத்தை எத்தனையோ விதமாக நான் கற்பனை செய்து வைத்திருந்தேன். அவர் மறுப்பார், கத்துவார், கண் கலங்குவார், எழுந்து போய்விடுவார். அவரோ நெற்றியைச் சுருக்கி யோசித்தார். உண்மையாகவே நினைவுபடுத்திப் பார்க்கிறவர் மாதிரி யோசித்தார்.

"எந்த வருசத்துச் செட்டு?" என்று கேட்டார்.

ஒரு வருடம் அல்ல என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வருடந்தோறும் ஒரு செட்டு. வருடந்தோறும் ஒரு ஜீப்பு.

ஹெலன் மரியாதையாகக் கூட்டத்தை முடித்தார். மரியாதையாகவே என்மேல் புகாரும் எழுதினார். ஏஜென்சியில் கூப்பிட்டு விசாரித்தார்கள். தெரிந்தவர் என்பதை ஏன் மறைத்தாய் என்று கேட்டார்கள். அதிலிருந்து பள்ளிக்கூட வேலை எனக்குத் தருவதில்லை. சரி என்று விட்டுவிட்டேன்.

குழந்தை என்ன ஆனாள் என்று, சில மாதம் கழித்து, மளிகைக் கடையில் என் வேலையைக் கேட்டு நான் யாரென்று புரிந்துகொண்ட அவளுடைய அம்மா சொல்லித் தெரிந்தது. ஹெலன் தாயைத் தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். மாமனார் வேண்டாம் என்று குதித்தும் கேளாமல், அவள் குழந்தையைத் தேர்வுக்கு அனுப்பியிருக்கிறாள். வாசிப்பில் மிகவும் பின்தங்கியிருப்பதாக முடிவு வந்தது. உடனே தனியாக ஓர் ஆசிரியை ஏற்பாடானார். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தந்தார். இப்போது தம்பிக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுகிறாளாம். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் செய்தது பெரிய உதவி என்றாள். நான் சிரித்து வைத்தேன். உதவி செய்யவா போனேன்? அவரை அந்த அறையில் கூனிக் குறுக வைக்கப் போனேன். கடைசியில் அவர் பேத்திக்கு வாசிப்பு வந்துவிட்டது. அக்காவுக்குக் கிடைக்காமல் போனது, என் கை வழியாகவே அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. குழந்தைமேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனாலும் வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது.

அக்காவிடம் எல்லாவற்றையும் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அழுதாராடி?"

"இல்லக்கா."

"தலையவாச்சும் குனிஞ்சாரா?"

"எந்த வருசம்னு கேட்டாரு."

"அப்பறம் என்னடி சோலி பார்த்த நீயி" என்று வைத்துவிட்டாள்.

அவர் ஊர் திரும்பிவிட்டார். ஊரோடு இன்னும் என்ன ஒட்டு மிச்சமிருக்கிறது என்று இங்குள்ள நம்மவர்களைக் கேட்டால் கோயில் திருவிழா என்பார்கள், சாப்பாடு என்பார்கள். எனக்கு ஒட்டு அந்த மனிதர்தான். அவர் இங்கே இருந்த மாதங்களில் போடியை நினைத்தால் ஆள் காலிசெய்த வீடு போலிருந்தது. அங்கே எனக்கு யாருடனும் ஒரு கணக்கும் இல்லாதது போல. போன வாரம் எனக்குக் குடியுரிமை கொடுத்தார்கள். நகரசபை மண்டபத்தில் உறுதிமொழி சொல்லவைத்து, நட்டு வளர்க்கச் சொல்லி இந்த மண்ணின் மரக்கன்று ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். எல்லாரும் கன்றோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே மதியம், அங்கே விடிகிற நேரம், அக்கா இன்னும் மலைக்குப் போகிற ஜீப்பு கிளம்பியிருக்கும். ஒரு கையில் கன்றைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் அக்காவைக் கூப்பிட்டேன். ஜீப்பு இரைச்சலுக்கு நடுவே கத்திக் கேட்டேன். அவர் வீட்டைத் தாண்டியாயிற்றா, வாசலில் இருக்கிறாரா?

"இப்பத்தான் தாண்டுறோம். இருக்காரு" என்றாள் அக்கா. "சேர் போட்டுப் பேப்பர் படிச்சுக்கிட்டிருக்காரு."

நல்லது என்றேன். அங்கேயே இருக்கட்டும்.