நிச்சயத்தன்று போட்ட இரண்டாவது மாத்திரை

ஏம்பலத்துக் கலியபெருமாளுக்கு அறுபத்திரண்டு வயது. மூன்று காணி கரும்பு, ஒரு காணி நெல். நாலு வருஷத்துக்கு முன்னால் வலது கை தானாக ஆட ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் பார்க்கின்சன் என்றார்கள். முழுசாகக் குணமாகாது, மாத்திரையை வைத்து ஓட்டலாம் என்றார் டாக்டர். அன்றிலிருந்து மனிதர் கடிகாரத்துக்கு வாக்கப்பட்டவர் மாதிரி ஆகிவிட்டார்.

காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, சாயங்காலம் ஆறு. சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால், வெறும் வயிற்றில். மீனும் பருப்பும் வயிற்றில் இருந்தால் மாத்திரை சரியாக ஏறாது. அதனால் மீன் குழம்பு ராத்திரிக்குத் தள்ளிப் போய்விட்டது. மாத்திரை ஏறிய நேரத்தில் வரப்பில் சாதாரணமாக நடப்பார். இறங்கிவிட்டால் வாசற்படியிலேயே கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கு அவர் மனைவி தெய்வநாயகி ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். காலுக்கு முன்னால் ஒரு கரும்புத் துண்டைக் குறுக்கே போடுவாள். வெறுந்தரையில் நகராத கால் கரும்பைக் கண்டால் தாண்டிவிடும். ஏன் என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சட்டென்று எழுந்தால் அவருக்குத் தலை சுற்றும். அதற்கும் அவள்தான் கை கொடுப்பாள். மாத்திரையும் அவள் எடுத்துக் கொடுப்பதுதான்.

மகள் ஜெயப்பிரியாவுக்குக் கரிக்கலாம்பாக்கத்தில் வரன் அமைந்தது. வியாதியைப் பற்றி மாப்பிள்ளை வீட்டில் மூச்சு விடவில்லை. பெண்ணுக்கும் வரும் என்று நினைத்துக் கைவிட்டுவிட்டால்? பெண் பார்க்க வந்த அன்று கையைத் துண்டுக்குள் வைத்துச் சமாளித்தார். நிச்சயத்தில் அது நடக்காது. பெண்ணைப் பெற்றவனும் பிள்ளையைப் பெற்றவனும் சபை நடுவே எதிரெதிரே உட்கார்ந்து, தேங்காய், பழம், புடவை வைத்த தட்டை இரண்டு கையாலும் தூக்கி மாற்றிக்கொள்ள வேண்டும்.

நல்ல நேரம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. பத்து மணிக்குத் தெய்வநாயகி சமையல்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கலியபெருமாள் தானே மாத்திரை டப்பாவைத் திறந்தார். பயிர் வெளுத்தால் ஒரு மூட்டை யூரியா கூடப் போட்டுப் பழகின கை. ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டார்.

நடுக்கம் நின்றது. பதினொரு மணிக்குச் சபை நடுவே உட்கார்ந்திருந்தபோது உடம்பு வேறு ஆட்டம் பிடித்துக்கொண்டது. கழுத்து வளைந்து வளைந்து திரும்பியது. தோள் நெளிந்தது. சம்மணம் போட்ட கால் தானாக உதைத்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் பக்கத்து ஆளிடம் சொன்னது முன்வரிசை முழுக்கக் கேட்டது.

"பொண்ணு நிச்சயத்துக்கே காலைல ஏத்திக்கினு வந்து குந்தியிருக்காரு."

பிராந்திக் கடைக்குக் குறைவில்லாத ஊர்ப்பக்கம். பார்க்கிறவனுக்கு அப்படித்தான் தோன்றும். தெய்வநாயகி ஓடி வந்து காதோரம் குனிந்தாள்.

"எத்தினி போட்டய்யா?"

"ரெண்டு."

"யூரியா கூடப் போட்டா நெல்லு இன்னா ஆவும்?"

"சாஞ்சிடும்."

"அப்ப சாஞ்சிக்கினு குந்து."

மாப்பிள்ளையின் அப்பா புகழ்வேந்தன் தட்டைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு எழுந்துகொண்டார். குடிக்கிற வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று ஏற்கனவே ஓர் இடத்தைத் தட்டிக் கழித்தவர் அவர். சும்மா இருந்தால் குடிகாரன் என்று போவார்கள், சொன்னால் நோயாளி என்று போவார்கள். கலியபெருமாள் தாய்மாமனைப் பார்த்தார்.

"ஊதிக் காட்டட்டுமா? வந்து மோந்து பாரு."

பிறகு புகழ்வேந்தன் பக்கம் திரும்பிச் சொன்னார். "குடிக்கலிங்க. இது நடுக்கு வியாதி. நாலு வருசமா இருக்குது, உங்ககிட்ட மறைச்சிட்டோம். கை ஆடக்கூடாதுன்னு இன்னிக்கு ஒரு மாத்திரை கூடப் போட்டேன். அதான் இப்பிடி."

பிள்ளைகளுக்கு வருமா என்று புகழ்வேந்தன் கேட்டார். பெரும்பாலும் வராது, எங்கோ ஒரு குடும்பத்தில் வரலாம் என்று டாக்டர் சொன்னதை இவர் அப்படியே சொன்னார். வரவே வராது என்று எழுதிக் கொடுக்கத் தன்னால் முடியாது என்றும் சொன்னார்.

மாப்பிள்ளை ராஜ்குமார்தான் வாயைத் திறந்தான்.

"எனக்குத் தெரியும்பா. பிரியா மொத மாசமே போன்ல சொல்லிடிச்சி."

கலியபெருமாள் மகளைப் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். தெரிந்துமா வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று புகழ்வேந்தன் பிள்ளையைக் காய்ச்சி எடுத்தார். கட்டிக்கொள்ளப் போகிறவன் தான்தானே என்றான் அவன். புகழ்வேந்தன் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டுக்குக் கால் மணி இருந்தது. வேட்டியைச் சரி செய்துகொண்டு மறுபடி எதிரே உட்கார்ந்தார்.

"தூக்குங்க சம்மந்தி. ஆடுனா ஆடட்டும். வியுந்தா பொறுக்கிக்கலாம்."

தட்டு மாறும்போது ஒரு தேங்காய் உருண்டு ஜமுக்காளத்தின் ஓரம் வரை போனது. மாற்றி முடிக்கும் வரை யாரும் அதைத் தொடவில்லை. கலியபெருமாளின் உடம்பு அடங்க ஒரு மணிக்கு மேல் ஆனது. முதல் பந்தியில் அவரால் உட்கார முடியவில்லை.