தராசு சொன்ன தீர்ப்பு

அவருக்குத் தராசு என்று யார் பெயர் வைத்தது என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. ஒட்டிக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான். வீட்டுக்குப் போன் செய்கிறவர்கள்கூட "தராசு சார் இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். "இருக்காரு, எதையோ எடை போட்டுட்டு இருக்காரு" என்று சொல்லிவிட்டு அவர் மனைவி போனை நீட்டுவாள். இரண்டு தக்காளியில் எது நல்லது என்று அவரிடம் கேட்டுவிட்டு, குழம்பு கொதித்து இறங்கும்வரை பதிலுக்குக் காத்திருந்தவள் அவள். கிண்டல் செய்ய அவளுக்கு உரிமை உண்டு.

வீடியோ கேம் விளையாட இரண்டு பெரிய கம்பெனிகள் ஆளுக்கொரு பெட்டி விற்கின்றன. கம்பெனிப் பெயர் நமக்கு வேண்டாம். அலுவலகத்தில் கறுப்பு, நீலம் என்றே சொல்வார்கள். கறுப்பு வாங்கியவன் நீலம் வாங்கியவனை மனிதனாகவே மதிப்பதில்லை. நீலத்துக்காரனும் சும்மா இருப்பதில்லை. ஒரு பெட்டிக்கு மட்டும் வரும் கேம் என்றால் பேச்சே இல்லை. இரண்டுக்கும் சேர்த்து வரும் கேம்தான் வம்பு. அதே கதை, அதே குதிரை, அதே மழை. எந்தப் பெட்டியில் வாங்கினால் படம் நன்றாக இருக்கும்? அதைச் சொல்வதுதான் தராசின் வேலை. கேம்களைப் பற்றி எழுதும் ஒரு இணையதளத்தில் 'இரண்டில் எது' என்ற பகுதி அவருடையது. அதற்கு முன் அது அச்சுப் பத்திரிகையாக இருந்த காலத்திலும் அவருடையதுதான்.

இந்த வேலைக்கு அவர் வந்தது கண்ணால். சின்ன வயதில் படிப்பு ஏறவில்லை. ஓட்டம், பாட்டு, பேச்சு எதுவும் வரவில்லை. வார இதழில் 'ஆறு வித்தியாசங்கள் கண்டுபிடி' என்று இரண்டு படம் போடுவார்களே, அதை மட்டும் பார்த்த மாத்திரத்தில் முடித்துவிடுவார். "இவனுக்குக் கண்ணு மட்டும்தான் வேலை செய்யுது" என்று அவர் அப்பா அலுத்துக்கொள்வார். அந்தக் கண்ணை நம்பி ஓர் அச்சகத்தில் சேர்த்தார்கள். மாதிரித் தாளையும் அச்சாகி வந்த தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வேலை. சிவப்பு ஒரு மயிரிழை நகர்ந்திருந்தாலும் மெஷினை நிறுத்தச் சொல்வார். அங்கே அச்சான கேம் பத்திரிகையின் ஆட்கள் அவரைக் கொத்திக்கொண்டு போனார்கள். அப்போதிலிருந்து அவர் வாழ்க்கையே இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று ஆகிவிட்டது.

வேலை நடக்கும் முறை சுலபம். படம் பதிவு செய்வதற்கென்று ஒரு பெண் இருந்தாள். ஒரே கேமின் ஒரே பகுதியை இரண்டு பெட்டிகளிலும் அவள் விளையாடிப் பதிவு செய்து, அவர் கம்ப்யூட்டரில் இடம், வலம் என்று போட்டுவிடுவாள். எது எந்தப் பெட்டி என்று தீர்ப்பு எழுதி முடிக்கும்வரை அவரிடம் யாரும் சொல்லக் கூடாது. அவரே போட்டுக்கொண்ட சட்டம் அது. தெரிந்துவிட்டால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பார். அந்த நேர்மைக்காகவே அந்தப் பெண் அவர்மேல் உயிரை வைத்திருந்தாள். புதிதாக வருகிறவர்களிடம், "சார் கண்ணுல மண்ணத் தூவ முடியாது" என்று தன் சொந்தச் சாமர்த்தியம் போலச் சொல்லுவாள்.

அவரைவிட வயதில் சின்னவரான ஆசிரியர் ஒருநாள் அவரை அறைக்குள் கூப்பிட்டார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இப்ப வர்ற பெட்டி ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சளைச்சதில்ல. சாதாரண ஜனங்களுக்கு வித்தியாசமே தெரியல. உங்க பகுதிய நிறுத்திடலாமான்னு மேல கேக்குறாங்க."

"ஜனங்களுக்குத் தெரியாதுன்னுதானே என்னை வெச்சிருக்கீங்க? எனக்குத் தெரியுது."

"அப்ப இந்தக் குதிரை கேம்ல காட்டுங்க. எடுபட்டா தொடரலாம். இல்லன்னா..."

ஆசிரியர் முடிக்கவில்லை. அந்தப் பகுதியை எடுத்துவிட்டால் அலுவலகத்தில் அவருக்கு உட்கார நாற்காலி இருக்கும், உட்கார்ந்து செய்ய ஒன்றும் இருக்காது. வேறு எந்த வேலையும் அவருக்குத் தெரியாது. இது அவருக்கும் தெரியும், ஆசிரியருக்கும் தெரியும்.

குதிரை கேம் என்றது பல வருஷமாக எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்த கேம். சதுப்பு நிலத்தில் ஒரு பட்டணம், ஓயாத மழை, தனியாக ஒரு குதிரைக்காரன். பதிவுகள் கம்ப்யூட்டருக்கு வந்தன. தராசு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீட்டுக்குத் திரும்பிப் போயிற்று. மனைவி ஏன் என்று கேட்காமல் அதைக் கழுவி வைத்தாள். விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

வித்தியாசம் இருந்தது. வலப்பக்கத்தில் மழைத்துளி குதிரையின் பிடரியில் விழுந்து உடைவது துல்லியமாகத் தெரிந்தது. இடப்பக்கத்தில் அது கொஞ்சம் மழுங்கியிருந்தது. குதிரைக்காரன் பாலத்தைத் தாண்டும்போது இடப்பக்க நிழல் ஒரு கணம் பிந்தியது. சேற்றின் பளபளப்பு, தூரத்து விளக்கின் மஞ்சள் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துப் போட்டார். அவருக்கு உச்சி குளிர்ந்தது. 'வலதுதான் மேல், சந்தேகமே இல்லை' என்று எழுதிக் கொடுத்தார். எது எந்தப் பெட்டி என்று அந்தப் பெண் முன்பே எழுதி வைத்திருந்த சீட்டைப் பார்த்து, வலது நீலம் என்றார் ஆசிரியர்.

கட்டுரை பற்றிக்கொண்டது. நீலத்துக்காரர்கள் தலைகால் புரியாமல் ஆடினார்கள். கறுப்புக்காரர்கள் தராசு விலைபோய்விட்டார் என்றார்கள். கூடவே போட்ட வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அவர் சொன்ன இடங்களில் சிவப்பு வட்டம் போட்டு, 'ஆமாம், பாருங்கள், எவ்வளவு தெளிவு' என்று ஆயிரக்கணக்கானவர்கள் சாட்சி சொன்னார்கள். அவர் சொல்லாத வித்தியாசங்களைக்கூடச் சிலர் கண்டுபிடித்தார்கள். ஆசிரியர் அவர் தோளைத் தட்டி, பகுதி இனி வாராவாரம் வரும் என்றார். அன்று தராசு வீட்டுக்குப் போய் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பதிவு செய்யும் பெண் இந்த அமளியின்போது ஊரில் இல்லை. அவள் அப்பாவைத் திடீரென்று ஆஸ்பத்திரியில் சேர்த்ததால் போட்டது போட்டபடி ஓடியிருந்தாள். அப்பா தேறியதும் திரும்பி வந்தாள். வந்த அன்றே, தராசு தனியாக இருக்கும் நேரம் பார்த்து எதிரே வந்து உட்கார்ந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"சார், அந்தக் குதிரை கேம்... நீலப் பெட்டி அன்னைக்கு சரியா ஓடல சார். பாதியில நின்னுபோச்சு. நீங்க ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல ஓடுற மாதிரி பொருத்தி வெச்சுக்கலாம்னு கறுப்புலயே ரெண்டு தடவ பதிவு பண்ணி, வலது பக்கம் சும்மா போட்டு வெச்சேன். அதுக்குள்ள அப்பாவுக்கு அப்படி ஆயிடுச்சு."

"என்னம்மா சொல்ற?"

"ரெண்டும் கறுப்புதான் சார். நான் போன்ல சொல்லியிருக்கணும். ஆனா நீங்க பாத்த உடனே கண்டுபிடிச்சுத் திட்டுவீங்கன்னு நினைச்சேன். போன் வரல. சரி, வேற யாரோ நீலத்தப் பதிவு பண்ணிட்டாங்க போலன்னு விட்டுட்டேன்."

'நீங்கள் கண்டுபிடிப்பீர்கள் என்று நினைத்தேன்.' அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை, தன் தப்புக்குக் காரணமாகத்தான் சொன்னாள். தராசு இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். கறுப்புப் பெட்டியைவிடக் கறுப்புப் பெட்டி எந்தெந்த வகையில் மேல் என்று அவர் ஊருக்கே விளக்கியிருக்கிறார்.

"நீலம் இப்ப ஓடுதுல்ல, அதையும் பதிவு பண்ணும்மா" என்றார் கடைசியில். "பண்ணிட்டு எப்படி வேணா கலந்து போடு. ரெண்டும் ஒண்ணா இருக்கட்டும், வேறவேறயா இருக்கட்டும். நான் சொல்றேன்."

"வேணாம் சார். யாருக்கும் தெரியாது. விடுங்க."

"போடும்மா."

மதியம் முழுக்க அது நடந்தது. அவர் பார்த்துப் பார்த்து "ஒண்ணு", "வேற", "வேற", "ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவள் குனிந்த தலை நிமிராமல் குறித்துக்கொண்டாள். முதலில் உறுதியாகச் சொன்னவர் போகப் போக அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எத்தன சரி?"

"பாதி சார்."

"சரியா பாதியா?"

அவள் குறித்துவைத்த தாளை மடித்தாள். "பாதிக்குக் கொஞ்சம் கம்மி" என்றாள்.

காசைச் சுண்டிப் போட்டிருந்தால்கூட அவரைவிட நன்றாகச் சொல்லியிருக்கும்.

மறுநாள் அவர் கண் டாக்டரிடம் போனார். மனைவியும் கூட வந்தாள். புரை வந்திருக்க வேண்டும், நரம்பு தளர்ந்திருக்க வேண்டும், ஏதாவது ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்று வரிசையில் உட்கார்ந்து வேண்டிக்கொண்ட ஒரே நோயாளி அவராகத்தான் இருப்பார். கண் கெட்டிருந்தால் கெட்டது நேற்றோ போன வருஷமோ என்று ஒரு கோடு கிழிக்கலாம். கோட்டுக்கு முன்னால் எழுதிய தீர்ப்பெல்லாம் அவருடையதாக மிஞ்சும். டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார், எழுத்தைப் படிக்கச் சொன்னார், சொட்டு மருந்து விட்டு மறுபடியும் பார்த்தார்.

"ஒரு குறையும் இல்ல. இந்த வயசுல இப்படிக் கண்ணு எல்லாருக்கும் வாய்க்காது."

"நல்லாப் பாத்தீங்களா டாக்டர்?"

"பாத்தாச்சு. தைரியமாப் போங்க."

"அப்பாடா" என்றாள் மனைவி. வெளியே வந்ததும், "என்னங்க, நல்ல சேதி சொல்லியிருக்காரு, இழவு விழுந்த மாதிரி வர்றீங்க?" என்றாள். அவளிடம் சொல்லிவிட வாய் வரை வந்தது. பல வருஷமாக வந்தவர் போனவரிடமெல்லாம் கணவனின் கண்ணைப் பற்றிப் பெருமையடித்தவள் அவள். அவர் வாயை மூடிக்கொண்டார். மருந்து விட்ட கண்ணுக்குத் தெருவெல்லாம் மங்கலாகத் தெரிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

ஆசிரியரிடம் மட்டும் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று போனார். திட்டுவார், வேலையைவிட்டுத் தூக்குவார், அதோடு ஒழியும் என்று நினைத்தார். ஆசிரியர் முழுக்கக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"வேற யாருக்கும் தெரியுமா?"

"பதிவு பண்ற பொண்ணுக்கு."

"அவ சொல்ல மாட்டா. நீங்களும் சொல்லாதீங்க. எத்தன பேரு பாத்தாங்க, ஒருத்தனாவது கேட்டானா? ரெண்டு பக்கமும் சந்தோஷமா அடிச்சிக்கிறாங்க. இதுக்கு மேல என்ன வேணும்?"

"தப்பு இல்லையா அது?"

"என்னண்ணே, ஏதோ இந்த ஒண்ணு மட்டும் தப்பான மாதிரி பேசுறீங்க." ஆசிரியர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்திருப்பார்.

தராசு தன் இடத்துக்கு வந்தார். அச்சகத்தில் நிறுத்தச் சொன்ன மெஷின்கள், பத்திரிகையில் எழுதிய தீர்ப்புகள், அவர் பேச்சைக் கேட்டு ஒரு பெட்டியை வாங்கி மற்றதைத் திட்டித் தீர்த்தவர்கள், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அதில் எதைக் கண் பார்த்தது, எதை அவராகப் பார்த்தார் என்று இனி பிரிக்க வழியில்லை. வேறு எதுவும் வராதவன், கண் மட்டும் உள்ளவன் என்றுதான் இவ்வளவு நாள் தன்னை நினைத்துக்கொண்டிருந்தார். அதுவும் இல்லை என்றால் மிச்சம் யார் என்று அவருக்கு விளங்கவில்லை. அழுகை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை.

வாராவாரம் எழுத வேண்டும் என்று ஆகிவிட்டதால் அடுத்த கேம் வந்துவிட்டது. கடற்கரையில் நடக்கிற கதை. அந்தப் பெண் இரண்டு பதிவுகளையும் போட்டுவிட்டு வழக்கம்போல எழுந்து போகாமல் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். இரண்டு திரையிலும் அலை வந்து மணலில் ஏறி இறங்கியது. தராசு பார்த்துக்கொண்டே இருந்தார். கை விசைப்பலகை மேலே இருந்தது, நகரவில்லை.

"சார்" என்றாள் அவள், மெதுவாக. "வலது பக்கம் தண்ணி கொஞ்சம் தெளிவா இருக்குல்ல?"

அவர் வலது பக்கம் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். இரண்டும் தண்ணீர். அவளுக்கு நிஜமாகவே தெரிகிறதா, அவர்மேல் உள்ள பரிதாபத்தில் சொல்கிறாளா என்பதும் அவருக்குத் தெரியவில்லை.

"ஆமாம்மா" என்றார். "தெளிவாத்தான் இருக்கு."

வலது பக்கத் தண்ணீர் தெளிவு என்று எழுதிவிட்டு, அடுத்து அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தார்.